சின்ன பட்ஜெட் ஸ்லாஷர் படங்கள்: எங்கே பயந்தீர்கள், எங்கே சலித்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:

முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லும் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதிலும் காசு இல்லாமல் எடுத்தவை. அப்படி நீங்கள் பார்த்ததில் எது பலித்தது, எது சொதப்பியது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜான் கார்பெண்டரின் 'ஹாலோவீன்', 1978. சுமார் 3 லட்சம் டாலரில் முடித்த படம். கொலைகாரனின் முகமூடிகூடக் கடையில் ஏறக்குறைய 2 டாலருக்கு வாங்கியதுதான். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகம் அது. வெள்ளை பெயிண்ட் அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கியதும் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு முகம் வந்துவிட்டது. போன மழைக்காலத்தில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த ஒரு ராத்திரி, லேப்டாப்பில் மறுபடி பார்த்தேன்.

என்னை ஆட்டி வைத்தது முகமூடி இல்லை, அந்தத் தெரு. கதாநாயகி லோரி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடு இந்தப் பக்கம், தோழி இருக்கும் வீடு நேர் எதிரே. எது எங்கே இருக்கிறது என்று படம் பொறுமையாகப் பழக்கிவிடுகிறது. அதனால்தான் கடைசியில் அவள் தெருவைக் கடந்து அந்த இருட்டு வீட்டை நோக்கி நடக்கும்போது, வேண்டாம் போகாதே என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றுகிறது. நம் மலைக்காரர்களுக்கு இது இன்னும் சட்டென்று பிடிபடும். எதிர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு விளக்கு ஒன்று நேரங்கெட்ட நேரத்தில் எரிந்தாலே, அங்கே யாருக்கு என்னவோ என்று மனசு போய்விடுகிறதே. இந்த இடப் புரிதலுக்குப் பணம் தேவையில்லை. ஆனாலும் பெரும்பாலான மலிவுப் படங்களில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. திடீரென்று ஒரு கை வரும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. கதை இல்லினாயில், அக்டோபரில் நடக்கிறது. எடுத்ததோ தெற்குக் கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். இலையுதிர் காலம்போலத் தெரிய, இலைகளுக்கு பெயிண்ட் அடித்துத் தூவி, அள்ளி, அடுத்த இடத்தில் மறுபடி தூவியிருக்கிறார்கள். பின்னால் மரங்கள் பச்சையாகவே நிற்கும். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆறு வயதிலிருந்து மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த அந்தக் கொலைகாரன் கார் ஓட்டுவது உறுத்துகிறது. யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ஒரு வசனத்தில் தாண்டிவிடுகிறார்கள். கையில் கிடைத்த கத்தியை லோரி கீழே போடுவது அதைவிட மோசம். அவ்வளவு புத்திசாலியாகக் காட்டிய பெண்ணுக்கு அது அநியாயம்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, நீங்கள் ரத்தத்தை மட்டமாக நினைக்கிறீர்களோ? 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' (1980) பாருங்கள். 5.5 லட்சம் டாலர். ஏரிக்கரை முகாம், மழை, டாம் சாவினியின் மேக்கப். கட்டிலுக்கு அடியிலிருந்து கழுத்தைத் துளைத்து அம்பு வரும் காட்சியில் ரத்தம் பாய்ச்சும் பம்ப் கைவிட்டுவிட, உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதினாராம். அப்படியும் இன்றைக்குப் பார்த்தால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. கணினியில் வரைந்த ரத்தத்துக்கு எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

படம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இறந்துபோகும் பிள்ளைகளில் பாதிப் பேரின் பெயர் எனக்கு நினைவில்லை. யார் செத்தாலும் வருத்தம் வராத படத்தில் பயமும் பாதிதான்.

கொடைக்கானலிலிருந்து:

வட்டக்கானல் பக்கம் நண்பர்கள் எடுத்த ஒரு குறும்படத்தில் ஒலிப்பதிவுக்கு உதவினேன். கொலைகாரன், சோலைக்காடு, மூடுபனி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இயற்கையே செட் போட்டுத் தருகிறது என்று எல்லோருக்கும் நினைப்பு. பனியில் முன்னாலிருந்து விளக்கு அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், பத்தடியில் நிற்கும் ஆள் காணாமல் போவான். விளக்கை அவனுக்குப் பின்னால் கொண்டுபோனதும்தான் உருவம் கறுப்பாக எழுந்து நின்றது. பார்த்த எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் ஆளுக்கொன்றை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டோம். வெளியே குளிர்ந்துபோன கேமராவை அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் மொத்தமும் மங்கிவிடும்.

ஆனால் சின்ன படங்கள் தோற்பது பெரும்பாலும் ஒலியில்தான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம், மைக்கில் காற்று இரைந்தால் நம்பிக்கை போய்விடும். கோத்தகிரி அண்ணா சொன்ன 'ஹாலோவீனை' இசை சேர்க்கும் முன் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரி பயப்படவே இல்லை என்று கார்பெண்டரே சொல்லியிருக்கிறார். அப்புறம் அவரே உட்கார்ந்து இசை அமைத்தார். ஐந்து தட்டுத் தாளத்தில் ஒரு பியானோ வரி, திரும்பத் திரும்ப. படத்தின் பாதி பயம் அதில்தான் இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

ஒலி விஷயத்தில் முழு சம்மதம். ராத்திரி தேயிலைக்குள் காட்டெருமை மூச்சு விடுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கால் நகராது.

குன்னூர் தம்பி, ரத்தம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாவினியின் கைவேலைக்கு நானும் ரசிகன்தான். என் குறை திரைக்கதை மேல். கொலைகாரர் யார் என்று கடைசியில் காட்டுகிறார்களே, அந்த ஆளை அதற்கு முன் ஒரு காட்சியிலாவது அறிமுகப்படுத்தியிருக்க வேண்டாமா? முகாமுக்குப் போகும் வழியில் அந்தச் சாப்பாட்டுக் கடைக் காட்சி இருக்கிறது. அங்கே ஒரு மேசையில் உட்கார்த்தி வைத்திருக்கலாம்.