வேர்ட்பிரஸ் அப்டேட் குடுக்கவும் பயமா இருக்கு, குடுக்காம விடவும் பயமா இருக்கு

அரைகுறை_அட்மின்:
ஒரு சங்கத்தோட வேர்ட்பிரஸ் (சைட் நடத்தற மென்பொருள்) சைட் என் தலைல விழுந்திருக்கு, முன்னாடி பாத்துக்கிட்டவர் விலகிட்டார். பக்கம் கொஞ்சம்தான் ஆனா ப்ளகின் (கூடுதல் வசதிக்கு சேக்கற துண்டு மென்பொருள்) எக்கச்சக்கம், பாதி டீஆக்டிவேட் பண்ணி கிடக்கு, பிஹெச்பி (சர்வர்ல வேர்ட்பிரஸ் ஓடற மொழி) இன்னும் 7.4 வெர்ஷன். அப்டேட் குடுத்தா சைட் படுத்துருமோன்னு இருக்கு. பணம் வாங்கற வேலை எதுவும் இதுல இல்ல, இத போய் யாரு ஹேக் பண்ணப்போறா, அப்படியே விட்டுரலாமா?

லாக்_பைத்தியம்:
ஆளு யாரும் தேடி வரமாட்டான் ப்ரோ, பாட்தான் (தானா ஓடற புரோகிராம்) வரும். ஒரு ப்ளகின்ல ஓட்டைன்னு வெளிய தெரிஞ்சா போதும், கண்ணுல பட்ட சைட்டை எல்லாம் தட்டிப் பாக்கும், சின்னது பெருசுன்னு பாக்காது. உள்ள பூந்தா ஸ்பேம் மெயில் அனுப்பும், இல்லேன்னா நீங்க அட்ரஸ் அடிச்சா சைட் நல்லாவே தெரியும், கூகுள்ல இருந்து மொபைல்ல வர்றவங்களுக்கு மட்டும் சூதாட்டப் பக்கம் தொறக்கும், ஓனருக்கு கடைசிலதான் தெரியும். மொதல்ல கூகுளோட சர்ச் கன்சோல்ல (சைட் ஓனருக்கான டூல்) சைட்டை சேத்து செக்யூரிட்டி இஷ்யூஸ் பாருங்க.

பழைய_சர்வர்:
7.4க்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் வர்றது 2022 நவம்பரோட நின்னு போச்சு, அதுக்காக நேரா பிஹெச்பில கை வச்சிராதீங்க, பழைய ப்ளகின் பலதும் பிஹெச்பி 8ல கழண்டுக்கும். ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டையும் பேக்கப் எடுத்து சர்வருக்கு வெளிய வைங்க, அந்த பேக்கப்பை வச்சே ஒரு ஸ்டேஜிங் காப்பி (சோதிச்சுப் பாக்க தனி நகல்) ஏத்துங்க, ஏறலேன்னா அது பேக்கப்பே இல்ல. அப்புறம் அந்த காப்பில வேர்ட்பிரஸ், ப்ளகின், தீம் எல்லாம் அப்டேட் பண்ணிட்டு கடைசியா பிஹெச்பி. டீஆக்டிவேட் பண்ணதை டெலீட்டே பண்ணிருங்க, ஃபைல் சர்வர்ல கிடந்தா வெளிய இருந்து நேரா கூப்பிட முடியும். இன்னொண்ணு, வேர்ட்பிரஸ்ஸோட ப்ளகின் டைரக்டரில இருந்தே தூக்கின ப்ளகினுக்கு அப்டேட் நோட்டீஸ் வராது, டேஷ்போர்டு அமைதியா இருக்குன்னு நம்பாதீங்க, ஒவ்வொண்ணா தேடிப் பாருங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஆட்டோ அப்டேட் போட்டுட்டு தூங்கலாம், வேர்ட்பிரஸ் 5.5ல இருந்து ப்ளகினுக்கும் அது இருக்கு.

சும்மா_பாக்கறேன்:
எல்லாத்துக்கும் ஆட்டோவா? ஃபார்ம் ப்ளகின் ராத்திரி அப்டேட் ஆகி மெயில் வராம போனா ஒருத்தரும் சொல்லமாட்டாங்க, அதை மட்டும் நான் கையாலதான் பண்ணுவேன். அத விடுங்க, டொமைன் யாரு மெயில்ல இருக்குன்னு பாத்தீங்களா? பழையவரோட மெயில்ல இருந்தா ரின்யூவல் நோட்டீஸ் எல்லாம் அங்கதான் போகும், காலாவதியாகி வேற யாராச்சும் எடுத்துட்டா நீங்க பேட்ச் பண்ணி என்ன புண்ணியம். ஹோஸ்டிங், எஃப்டிபி (சர்வர்ல ஃபைல் ஏத்தற வழி) பாஸ்வேர்டும் மாத்துங்க, டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கறது) போடுங்க.

அரைகுறை_அட்மின்:
டொமைன் அவர் மெயில்லதான் இருக்கு, கேட்டுட்டேன் மாத்தித் தரேன்னார். யூசர் லிஸ்ட்ல அட்மினே அஞ்சு பேர், ஒண்ணு யாருக்குமே தெரியல. அழிச்சிரவா?

பழைய_சர்வர்:
அழிக்கறதுக்கு முன்னாடி எப்ப உருவாச்சுன்னு டேட்டாபேஸ்ல பாத்து குறிச்சுக்கங்க, அந்த தேதிய ஒட்டி மாறின ஃபைல் என்னென்னன்னு தேட உதவும், முக்கியமா அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள்ள (ஏத்தின படமெல்லாம் இருக்கற இடம்) பிஹெச்பி ஃபைல் இருந்தா சந்தேகப்படுங்க. டெலீட் குடுக்கறப்ப அந்த ஆளோட போஸ்ட்டை என்ன செய்யன்னு கேக்கும், உங்க பேருக்கு மாத்திருங்க, இல்லேன்னா போஸ்ட்டும் சேந்து போயிரும். கான்ஃபிக் ஃபைல்ல சால்ட் கீ (லாகினை பாதுகாக்கற ரகசிய எழுத்து) எல்லாம் புதுசா மாத்துங்க, லாகின்ல இருக்கற எல்லாரும் வெளிய வந்துருவாங்க.