6174 ஏன் வருதுன்னு எட்டாவது படிக்கிற புள்ளைக்கு எப்படி புரிய வைக்கிறது?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு கணக்கு டவுட்டு. நாசிக் பக்கம் தேவ்லாலில ஸ்கூல் வாத்தியாரா இருந்த கப்ரேக்கர் 1949ல கண்டுபிடிச்ச 6174 பத்தி என் பொண்ணுக்கு சொன்னேன். நாலு இலக்கமும் ஒரே இலக்கமா இல்லாத எந்த நாலு இலக்க நம்பரையும் எடுத்து, அதோட இலக்கங்கள இறங்கு வரிசைல எழுதி, அதுலேருந்து ஏறு வரிசைல எழுதினத கழிச்சு, வர்ற விடைய வச்சு திரும்பத் திரும்ப செஞ்சா அதிகபட்சம் ஏழு தடவைல 6174 வந்துரும். 2024 போட்டா 3996, 6264, 4176, அப்புறம் 6174, அதுக்கு மேல நகராது, அவளுக்கு அவ்ளோ சந்தோஷம். (0999 மாதிரி வந்தா முன்னாடி இருக்கற சைபர விட்றாதீங்க, நாங்க அதுல மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் முழிச்சோம்.)

உடனே "ஏன்ப்பா எப்பவும் இதே வருது?"ன்னு கேட்டுட்டா. நல்ல கேள்வி, மழுப்ப மனசு வரல. இலக்கங்கள் பெருசுலேருந்து a, b, c, dன்னா வித்தியாசம் 999(a−d)+90(b−c), அதனால முதல் கழித்தல்லயே 54 விடைதான் சாத்தியம், இது வரைக்கும் வந்துட்டேன். அந்த 54ஐயும் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்காம நிரூபிக்க வழி இருக்கா? மூணு இலக்கத்துக்கு 495 இருக்கு, ரெண்டு இலக்கத்துல மட்டும் 9, 81, 63, 27, 45ன்னு சுத்திட்டே இருக்கே, அது ஏன்? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்.