அமெரிக்க ஷேர் கிளாஸ் ஆக்‌ஷன் அலர்ட்: "கடைசி தேதி"ன்னு போடுறாங்களே, நாம ஏதாச்சும் பண்ணணுமா?

பங்குப்பித்தன்:
வணக்கம் மக்களே. ஒரு ஆப் வழியா கொஞ்சம் அமெரிக்க ஷேர் வாங்கி வச்சிருக்கேன், பெருசா ஒண்ணும் இல்ல. அதுல ஒரு சாப்ட்வேர் கம்பெனி (பேர் வேணாம் விடுங்க) ஆர்டர் பிச்சிக்கிட்டு போகுதுன்னு ரிசல்ட்டுக்கு ரிசல்ட் சொல்லிட்டே இருந்தாங்க, திடீர்னு பழைய கணக்கை திருத்தப் போறோம்னு ஒரு அறிவிப்பு, காலைல எந்திரிச்சு ஆப்பைத் திறந்தா மூணுல ஒரு பங்கு காலி. அன்னைலேர்ந்து அந்த கம்பெனி பேரைத் தேடுனாலே நியூஸ் பூரா லா ஃபர்ம் அறிவிப்புதான், "ஷேர்ஹோல்டர் அலர்ட், நஷ்டப்பட்டவங்க இந்த தேதிக்குள்ள தொடர்பு கொள்ளவும்"னு. ஒரே கேஸுக்கு எதுக்கு இத்தனை வக்கீல்? தேதிய விட்டா பணம் போச்சா? இந்தியால இருந்துக்கிட்டு சேர முடியுமா, ஃபீஸ் என்னாகும்? நம்ம ஊர் ஷேர்லயும் இதே மாதிரி அடி வாங்கிருக்கேன், அப்ப ஒரு வக்கீலும் எட்டிப் பாக்கலயே, அது ஏன்?

எடிசன்_வாசி:
ப்ரோ பதறாதீங்க, அந்த தேதி உங்களுக்கானது இல்ல. இது கிளாஸ் ஆக்‌ஷன், அதாவது நஷ்டப்பட்ட எல்லாருக்கும் சேத்து ஒரே கேஸ், அந்த மொத்தக் கூட்டத்துக்கு பேர்தான் கிளாஸ். அதை முன்ன நின்னு நடத்த ஒரு ஆள் வேணும், லீட் ப்ளெயின்டிஃப்ம்பாங்க, அதுக்கு மனு போடுறதுக்கான கடைசி நாள் அது. 1995ல வந்த சட்டப்படி முதல் கேஸ் போட்டவங்க 20 நாளுக்குள்ள அறிவிப்பு குடுக்கணும், அறிவிப்பு வந்ததுலேர்ந்து 60 நாளுக்குள்ள யார் வேணா மனு போடலாம், கோர்ட் பொதுவா அதிக நஷ்டப்பட்டவங்களுக்குதான் அந்த இடத்தைக் குடுக்கும். பெரும்பாலும் ஏதாவது பென்ஷன் ஃபண்ட் வந்து உக்காரும், நம்ம ரேஞ்சுக்கெல்லாம் வாய்ப்பே இல்ல. அந்த லீட் ஆளோட வக்கீலுக்குதான் கேஸ் கையில வரும், செட்டில் ஆனா கால் பங்கு, சில கேஸ்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் கோர்ட் ஃபீஸா குடுக்கும். அதான் இத்தனை பேர் வலை வீசுறாங்க. நீங்க கைலேர்ந்து ஒரு பைசா குடுக்க வேணாம், கோர்ட் கிளாஸை ஏத்துக்கிச்சுன்னா விலகுறேன்னு நீங்களா எழுதிக் குடுக்காத வரைக்கும் நீங்களும் அதுல ஒரு ஆள்தான்.

ஆனா அலர்ட் வந்துச்சுன்னா பணம் வரும்னு கனவு காணாதீங்க. இன்ஃபோசிஸ் கதை ஞாபகம் இருக்கா, 2019 அக்டோபர்ல பேர் போடாத லெட்டர் வந்து ஏடிஆர் (அமெரிக்க சந்தைல விக்கிற அதோட பங்கு) சரிஞ்சப்ப உடனே நியூயார்க்ல கேஸ் போட்டாங்க, 2020 மே மாசம் போட்டவங்களே வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு கோர்ட் தள்ளுபடி பண்ணும், இல்ல செட்டில் ஆகும், ஜூரி வரைக்கும் போறது ரொம்ப அபூர்வம். டெஸ்லாவை 420 டாலருக்கு பிரைவேட் ஆக்கப் போறேன், பணம் ரெடின்னு மஸ்க் 2018ல ட்வீட் போட்டாரே, அது போச்சு ஜூரிக்கு, 2023 பிப்ரவரில அவர் பொறுப்பில்லன்னு தீர்ப்பு வந்துச்சு.

நீங்க கோட்டை விடக்கூடாதது கிளெய்ம் ஃபார்ம். செட்டில் ஆக சில வருஷம் ஆகும், அப்ப ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கம்பெனி வெப்சைட் போட்டு ஃபார்ம் வாங்கும், அதுக்கு ஒரு கடைசி தேதி இருக்கும், அதை விட்டா காசு கிடையாது. கிளாஸ் பீரியட் (பொய்யால விலை ஊதியிருந்ததா கேஸ்ல சொல்ற காலம்) ஆரம்பிச்ச அன்னிக்கு கையில எத்தனை ஷேர், எந்த தேதி என்ன விலைக்கு வாங்குனீங்க, எப்ப வித்தீங்க, உண்மை வெளிய வந்து 90 நாள் கழிச்சு மிச்சம் எத்தனைன்னு வரி வரியா கேப்பான், புரோக்கர் ஸ்டேட்மென்ட்டும் இணைக்கணும். உங்க ஆப் நாளைக்கே கடைய மூடலாம், அதனால ஸ்டேட்மென்ட்டை இப்பவே பிடிஎஃப்பா இறக்கி வச்சுக்கோங்க. ஷேர் புரோக்கர் பேர்ல இருக்குறதால நோட்டீஸ் அவங்களுக்குதான் போகும், உங்க வரைக்கும் வந்து சேரும்னு நம்பாதீங்க. நான் ஒரு கேஸ்ல ஃபார்ம் போட்டு செக் வந்துச்சு, நஷ்டத்துல பத்துல ஒரு பங்கு கூட தேறல.

கருப்புக்கோட்டு:
மேல சொன்னவரு சரியா சொல்லிட்டாரு, நான் இந்தியா பக்கம் மட்டும் சொல்றேன். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கங்கிறது முக்கியம் இல்ல சார், ஷேரை எங்க வாங்குனீங்கங்கிறதுதான். நேஷனல் ஆஸ்திரேலியா பேங்க் கேஸ்ல 2010ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது இதான், அமெரிக்காவுல நடந்த வியாபாரத்துக்குதான் அவங்க மோசடி சட்டம் பொருந்தும். அதனால நீங்க அமெரிக்க சந்தைல வாங்குனதுக்கு திண்டுக்கல்ல இருந்தும் ஃபார்ம் போடலாம்.

இதோட மறுபக்கம்தான் வயித்தெரிச்சல். சத்யம் எடுத்துக்கோங்க. 2009 ஜனவரி 7, அந்த சாப்ட்வேர் கம்பெனி சேர்மன் ராமலிங்க ராஜு லெட்டர், பேலன்ஸ் ஷீட்ல இருந்த ரொக்கத்துல 5,040 கோடி இல்லவே இல்லன்னு. 179 ரூபாய் பக்கம் இருந்த ஷேர் அன்னிக்கே 40க்கு வந்துச்சு. நியூயார்க்ல ஏடிஎஸ் (ஏடிஆர் மாதிரிதான், அங்க விக்கிற சத்யம் பங்கு) வாங்கியிருந்தவங்க கேஸ் போட்டு 2011ல கம்பெனிகிட்டேர்ந்து 125 மில்லியன் டாலர், ஆடிட்டர் பிடபிள்யூசி தரப்புலேர்ந்து 25.5 மில்லியன் செட்டில்மென்ட் வாங்குனாங்க. இங்க என்எஸ்இல வாங்குன நம்ம ஆளுக்கு? ஒரு முதலீட்டாளர் சங்கம் கன்ஸ்யூமர் கமிஷன், சுப்ரீம் கோர்ட்னு கதவைத் தட்டிப் பாத்துச்சு, நடக்கல. ஒரே கம்பெனி, ஒரே பொய், எந்த கவுன்ட்டர்ல டிக்கெட் வாங்குனங்கிறத வச்சு நஷ்டஈடு.

அதுக்கப்புறம்தான் 2013 கம்பெனி சட்டத்துல பங்குதாரர்கள் கூட்டா கேஸ் போட 245வது பிரிவு வந்துச்சு, நடைமுறைக்கு வரவே 2016 ஆச்சு. 100 உறுப்பினர்கள் இல்லன்னா மொத்த உறுப்பினர்கள்ல 5 சதவீதம், இதுல எது கம்மியோ அது, அல்லது லிஸ்டட் கம்பெனின்னா 2 சதவீத பங்கு கையில இருக்கணும், என்சிஎல்டில (கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) போடலாம், டைரக்டர் ஆடிட்டர் எல்லார் மேலயும் நஷ்டஈடு கேக்கலாம். பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா 2024ல ஜிந்தால் பாலி ஃபிலிம்ஸ் மேல சிறு பங்குதாரர்கள் போனதைத்தான் முதல் பெரிய கேஸ்னு சொல்றாங்க, அதுவும் தப்பு அறிக்கை விவகாரம் இல்ல, கம்பெனி சொத்தை புரமோட்டர் தரப்புக்கு மலிவா தள்ளிட்டாங்கங்கிற புகார். வக்கீல் ஏன் எட்டிப் பாக்கலன்னு கேட்டீங்கல்ல, ஜெயிச்சா பங்கு தாங்கன்னு ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதி எங்களை விடாது. நூறு பேரைத் தேடிப் பிடிச்சு, செலவையும் முன்னாடியே போட்டு, வருஷக்கணக்கா யார் அலைவாங்க சொல்லுங்க.

வேடிக்கைபாக்குறவன்:
எனக்கு ஒண்ணுதான் புரியல. வெல்ஸ் ஃபார்கோ 2023ல இந்த மாதிரி கேஸுக்கு 100 கோடி டாலர் குடுத்தான், அது யார் காசு? இன்னிக்கு ஷேர் வச்சிருக்குறவன் காசு. பொய் சொன்ன மேனேஜர் பாக்கெட்லேர்ந்து பத்து பைசா போகுதா? இந்த பாக்கெட்லேர்ந்து எடுத்து அந்த பாக்கெட்ல போட்டு நடுவுல வக்கீலுக்கு கால் பங்கு 😂

கருப்புக்கோட்டு:
பாதி உண்மை சார். டைரக்டர்களுக்குன்னு எடுத்த இன்ஷூரன்ஸ்லேர்ந்தும் நிறைய போகும், ஆனா மேனேஜர் சொந்தக் காசு போறது அபூர்வம்தான், மறுக்கல. அதுக்காக பொய்ய நம்பி வாங்குனவன் மட்டும் மொத்த நஷ்டத்தையும் தலைல கட்டிக்கணுமா?

பங்குப்பித்தன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பாதி பயம் போச்சு. ஒரு டவுட், நான் மூணு தடவையா வாங்குனேன். முதல் லாட்டை அறிவிப்புக்கு முன்னாடியே வித்துட்டேன், அதுலயும் லேசா நஷ்டம்தான். ரெண்டாவது கையில இருக்கு. மூணாவது, விழுந்த மறுநாள் சீப்பா கிடைக்குதேன்னு ஆவரேஜ் பண்ணது. எல்லாத்துக்கும் சேத்து கேக்கலாமா?

எடிசன்_வாசி:
ரெண்டாவது லாட்டுக்கு மட்டும்தான், அதுவும் கிளாஸ் பீரியடுக்குள்ள வாங்கியிருந்தா. முதல் லாட்டை வித்தப்ப உண்மை இன்னும் வெளிய வரல, நீங்களும் ஊதுன விலைக்குதான் வித்தீங்க, அந்த நஷ்டம் பொய்யால வந்ததுன்னு சொல்ல முடியாது. மூணாவது எல்லாம் தெரிஞ்சப்புறம் வாங்குனது. ஆனா ஃபார்ம்ல மூணையும் எழுதுங்க, மறைச்சா ரிஜெக்ட் ஆயிடும். அப்புறம் கிளெய்ம் வாங்கித் தர்றேன், முன்பணம் அனுப்புன்னு எவனாச்சும் வாட்ஸ்அப்ல வந்தா பிளாக் பண்ணிடுங்க, ஃபார்ம் போட காசே கிடையாது. பணம் வர்றப்ப ஆன்லைன்ல வாங்குற வழி இருந்தா அதையே டிக் பண்ணுங்க, டாலர் செக்கை ஊர் பேங்க்ல போட்டா கலெக்‌ஷன் சார்ஜே அதை முழுங்கிடும்.