ஊரில் பேசின போன் அங்கே போனால் ஏன் முறைக்குது?

பாளை வாத்தியார்:
அடுத்த மாதம் மறுபடியும் துபாய், மகள் வீட்டுக்கு. போன தடவை பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள். இந்த முறையாவது தப்பிக்கப் பார்க்கிறேன்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் வரை போன் நன்றாகத்தான் இருந்தது. அங்கே இறங்கி ஆன் செய்தால் சிக்னலே இல்லை. நம்ம சிம் வெளிநாட்டிலும் வேலை செய்ய இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊரிலேயே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமாம், எனக்கு அது தெரியாது. மருமகன் "அது எதுக்கு மாமா" என்று உள்ளூர் சிம்மை மாட்டிவிட்டு நம்ம சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பர்ஸில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து மடித்து வைத்தேன். பத்து நாள் சுகம். பதினோராவது நாள் பாளை வீட்டுக் கரண்ட் பில் ஞாபகம் வந்தது, மறுநாள் கடைசி தேதி. நெட் பேங்கிங்கில் எல்லாம் சரியாக அடித்தேன். ஓடிபி அனுப்பிவிட்டோம் என்றது வங்கி. எங்கே அனுப்பியது? விபூதிப் பொட்டலத்துக்கு. சரி, அங்கிருந்தே ரோமிங் போடுவோம் என்று சிம் கம்பெனி ஆப்பைத் திறந்தால், உள்ளே நுழையவும் ஓடிபி! கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், அவர் கட்டிவிட்டார். "இதுக்கா வே இவ்வளவு பாடு, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று பதில் வேறு.

கராமா கடையநல்லூரான்:
சார், ரெண்டு சிம் போடுகிற போன் இருந்தால் நம்ம சிம்மைக் கழற்றவே கழற்றாதீர்கள். ரோமிங் ஆனில் இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். மெசேஜ் வருவதற்குப் பொதுவாகக் காசு கிடையாது. அழைப்பு வந்து எடுத்தால்தான் காசு போகும். விஷயம் தெரியாமல் கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள், எடுக்காதீர்கள்!

இன்னொன்று. இங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், ஆனால் பேச முடியாது. அனுமதி உள்ள போட்டிம் மாதிரி ஆப்பை ஊரில் உங்கள் வீட்டார் போனிலும் போட்டுவிட்டு வாருங்கள். தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் ஆப்பைப் போட்டால் பேசலாம் என்று யாராவது சொல்வார்கள். விபிஎன்னை வைத்துக் குற்றம் செய்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹமில்தான் தொடங்குகிறது. எது குற்றம், எது இல்லை என்று வக்கீல் வைத்து வாதாட நமக்கு என்ன தலையெழுத்து?

மேலப்பாளையத்துப் பிள்ளை:
சிம் கிடைத்தவர்கள் பேசுகிறீர்கள். எங்க உம்மாவுக்குச் சிம்மே கிடைக்கவில்லை.

உம்ராவுக்குக் கூட்டிப்போயிருந்தேன். சவூதியில் 2016 முதல் கைரேகை வைக்காமல் சிம் தர மாட்டார்கள். உம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். இலையை உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையிலேயே மிஷின் நாலு தடவை கேட்கும். ஜித்தாவில் கவுண்டர் பையன் வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆட்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னான். ஈரத் துணி கொடுத்தான். உம்மா முந்தானையில் தேய்த்துத் தேய்த்து வைத்தார். ஒன்றும் ஏறவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. உம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை: "ஏல, ரேகையை எல்லாம் பீடிக் கம்பெனிக்காரன்ட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்னு அவன்ட்ட சொல்லுல." எனக்குத் தெரிந்த அரபியில் அதைச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

என் பெயரிலேயே இன்னொரு சிம் வாங்கி அவர் போனில் போட்டேன். மதீனாவில் நபிகள் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ளாவுக்குப் போக, நுசுக் என்ற சவூதி அரசு ஆப்பில் முன்பதிவு செய்யணும், ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு வேறு நேரம். அதனால் உம்மா தனியாகத்தான் போனார். வெளியே வந்ததும் போன் பண்ணினால், "பெரிய குடைக்குக் கீழ நிக்கேன்" என்கிறார். அந்தப் பள்ளிவாசல் முற்றம் முழுக்க நிழலுக்கு நிறுத்திய பெரிய குடைதான்! அப்புறம் அவரே பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா மலையாளத்தில் வாசல் எண்ணைச் சொன்னார். வருகிறவர்கள் உங்கள் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெரியவர்களின் பையில் வைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்துபோனாலும் தாள் இருக்கும்.

உவரிக்காரன்:
நான் வெளிநாடே போனதில்லை. தனுஷ்கோடி மணலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் தானாக இலங்கை டவரைப் பிடித்து வரவேற்பு மெசேஜ் கொடுத்தது. பாஸ்போர்ட் கூட இல்ல வே!

தென்காசிச் சாரல்:
அப்பாவைச் சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அவருடைய டார்ச் வைத்த பட்டன் போனையும் எடுத்துக்கொண்டார். ரோமிங் எல்லாம் முன்கூட்டியே போட்டாச்சு, நாங்கள் விவரமானவர்கள். சாங்கியில் இறங்கினால் சிக்னல் இல்லை. அது 2ஜி போன், சிங்கப்பூரிலோ 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள். நாங்கள் யோசிக்கவே இல்லை. அத்தான் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தார். அப்பா அதைத் தொடவில்லை, பட்டன் போனையே சட்டைப் பையில் வைத்திருந்தார். நெட்வொர்க் இல்லாததால் அதன் மணி மாறவே இல்லை, ரெண்டரை மணி நேரம் பின்னால் நம்ம ஊர் நேரமே ஓடியது. அங்கே காலை எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்கு அவசரமாகக் கிளம்பும்போது அப்பா அதை எடுத்துப் பார்ப்பார். "மணி அஞ்சரை. பால்காரன் வந்திருப்பான், உங்கம்மாவை எழுப்பலாம்" என்பார். வீட்டுக்குப் போன் போடுவது அக்கா வேலை.

பாளை வாத்தியார்:
ரோமிங் போட்டாச்சு. போனில் நம்ம ஊர் எஸ்டிடி கோடு 0462 போட்டுப் பதிந்து வைத்திருந்த நம்பரை எல்லாம் +91 462 என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். அப்படியே வைத்திருந்தால் அங்கத்திய சிம்மிலிருந்து லைன் போகாதாம். செல் நம்பருக்கும் முன்னால் +91 வேண்டும். அண்ணாச்சி நம்பரைத்தான் முதலில் மாற்றினேன். அடுத்த கரண்ட் பில் நான் அங்கே இருக்கும்போதுதான் வருகிறது.