கணையத்தில் இன்சுலினோமா (இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும் கட்டி), ஆபரேஷன் முடியாது: விடியற்காலை சர்க்கரை இறங்குகிறது

சாட்ஸ்வொர்த் மகள்:
அம்மாவுக்கு 71 வயது. இதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்றுவிட்டார்கள். படுக்கும்போது சர்க்கரை 6.1 (mmol/L அளவில்) காட்டுகிறது, விடியற்காலை 3 மணிக்கு 2.7. பேச்சு குழறுகிறது. ஜூஸ் கொடுத்தால் ஏறி, ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்குகிறது. டயசாக்சைடு தொடங்கப் போகிறார்கள். புரட்டாசி விரதத்தையும் விடமாட்டேன் என்கிறார்.

மருந்தாளர் (ஃபீனிக்ஸ்):
ஜூஸ் வேகமாகக் கரைந்துவிடும், கட்டியோ இன்சுலினை நிறுத்தாது. அதனால்தான் திரும்ப இறங்குகிறது. 4-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை (தண்ணீரில் சுமார் 4 தேக்கரண்டி), 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 4-ஐத் தாண்டியதும் பழுப்பு ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுங்கள். முதலிலேயே சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

டயசாக்சைடு இன்சுலின் சுரப்பைக் குறைக்கும், ஆனால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் அம்மாவின் இதயத்துக்கு இதுதான் பெரிய கவலை. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே நீர் மாத்திரை தரலாம். அப்போது பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

உணவியல் அக்கா:
இரவுக்குப் பச்சை மைசீனா (மக்காச்சோள ஸ்டார்ச் மாவு). குளிர்ந்த பாலில் 2 மேசைக்கரண்டி (சுமார் 16 கிராம்), படுக்கும் முன். சூடாக்கவே கூடாது, வெந்தால் மாவுமணி உடைந்து சட்டென்று செரித்துவிடும், பச்சையாக இருந்தால்தான் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே குடிக்கட்டும். வயிறு உப்பினால் குறைவாகத் தொடங்கி அளவை மெல்லக் கூட்டலாம், எவ்வளவு என்பதை டாக்டரும் 3 மணி அளவீடும் சொல்லும்.

புரட்டாசியில் கறி மீன் விடுவது சரிதான், தாயே. பட்டினி மட்டும் கூடவே கூடாது. மூன்று மணிக்கொரு தரம் பருப்பு, தயிர், ரொட்டி போகட்டும்.

சாட்ஸ்வொர்த் மகள்:
நன்றி அக்கா. ஆக்ட்ரியோடைடு ஊசியும் சொன்னார்கள். மயங்கிவிட்டால் என்ன செய்ய?

மருந்தாளர் (ஃபீனிக்ஸ்):
அந்த ஊசி இன்சுலின் சுரப்பை அடக்கிச் சிலருக்கு உதவும், சிலருக்குச் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும். சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானையும் அது அடக்குவதுதான் காரணம். முதல் டோஸ் மருத்துவமனையில், மணிக்கு மணி சோதனையோடுதான்.

மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 10177 (தென்னாப்பிரிக்க ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள். குளுக்ககான் ஊசி போட்டாலும் கட்டி இன்சுலினைக் கக்கிப் பிறகு இறங்கலாம்; விழித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.