சிறு குழுவும் ஒற்றைக் குரலும்: ஐந்து ஞாயிறுகளுக்கு ஜாஸ், புளூஸ் இசைத்தொகுப்புகள் பரிந்துரைக்க வேண்டுகிறேன்

மண்டபம் ஆசிரியர் எழுதியது:

வணக்கம். மண்டபத்தில் கடலை ஒட்டியுள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு இரவுகளில் ஐந்து பேர் கூடி இசை கேட்டு வருகிறோம். எங்களில் இருவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்களுக்கு இரவுகள் ஓய்வாகக் கிடைக்கின்றன. தடை முடிய இன்னும் ஐந்து ஞாயிறுகள் இருக்கின்றன. அவற்றை ஜாஸ், புளூஸ் இசைக்கே ஒதுக்குவது என்று பேசி முடிவு செய்திருக்கிறோம்.

சென்ற வாரம் பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கும் பெரிய குழு ஒன்றின் தொகுப்பை ஒலிக்கவிட்டோம். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டதால் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் காற்றோடும் அலையோடும் ஒன்றாகக் கலந்து, எது எங்கே ஒலிக்கிறது என்றே பிரித்தறிய முடியாமல் போயிற்று. நண்பர்கள் இருவர் பாதியிலேயே கீழே இறங்கிப் போய்விட்டார்கள். அந்த இசையில் குறை எதுவும் இல்லை. எங்கள் இடத்துக்கும் எங்கள் பழகாத காதுக்கும் அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே, பாடுபவர் ஒருவரும் துணையாக இரண்டு மூன்று கருவிகளும் மட்டும் உள்ள தொகுப்புகளையோ, மூவர் நால்வர் வாசிக்கும் சிறு குழுக்களின் தொகுப்புகளையோ அறிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களில் மூவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எதில் தொடங்குவது, எதைப் பின்னால் வைப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கீழக்கரை வாசகர் எழுதியது:

சகோதரரே, நான் சிங்கப்பூரில் இசைத்தட்டுக் கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்களைப் போலப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு எல்லோரும் எடுத்துக் கொடுப்பது மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுத் தொகுப்பான 'கைண்ட் ஆஃப் புளூ'. அதன் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஆறு பேர் கொண்ட குழு, பாட்டு இல்லை, உங்கள் மாடியிலோ காற்று வீசுகிறது. அதைக் கடைசி ஞாயிற்றுக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கு சாரா வானின் 'ஆஃப்டர் அவர்ஸ்' என்ற 1961ஆம் ஆண்டுத் தொகுப்பை வையுங்கள். மண்டெல் லோ வாசிக்கும் கிதார், ஜார்ஜ் டுவிவியே வாசிக்கும் டபுள் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திக்கருவி, சாராவின் குரல், இவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, பியானோவும் கிடையாது. சாராவின் குரல் அடித்தொண்டையிலிருந்து மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது, கிதார் அவரைப் பின்தொடர்ந்து ஓடாமல் சுரங்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டு நிற்கும். யார் என்ன செய்கிறார் என்பது முதல் பாட்டிலேயே தெளிவாகிவிடும். அதன் பிறகு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் கிதார் கலைஞர் ஜோ பாஸும் மட்டும் சேர்ந்து 1973இல் பதிவு செய்த 'டேக் லவ் ஈசி'. இதில் பேஸ்கூட இல்லை. ஒரே கிதார் தாளத்தையும் சுருதியையும் இடைஇசையையும் தன் தோளில் சுமப்பதைக் கேட்கலாம். ஜூலி லண்டனின் 'ஜூலி இஸ் ஹர் நேம்' என்ற 1955ஆம் ஆண்டுத் தொகுப்பும் குரல், கிதார், பேஸ் என்ற இதே அமைப்புதான். அவர் ஏறத்தாழ முணுமுணுக்கும் அளவில் பாடுவதால் காற்றில்லாத இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண் குரல் வேண்டுமென்றால் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. 1963 மார்ச் 7 அன்று ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் சேர்ந்து பதிவு செய்த தொகுப்பு. ஆறே பாட்டுகள், முப்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அக்காலத்தில் மிக வேகமாகவும் சிக்கலாகவும் வாசித்துப் பெயர் பெற்றிருந்த கோல்ட்ரேன், ஹார்ட்மனின் ஆழ்ந்த குரல் பாடி முடித்த இடத்தில் நுழைந்து, அதே வரியை இன்னும் மெதுவாகச் சாக்ஸபோனில் சொல்வார். கடையில் இதை ஒலிக்கவிட்ட மாலைகளில் ஆங்கிலம் அறியாத முதியவர்கள்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இராமநாதபுரம் வயலின் மாணவி எழுதியது:

அண்ணா, கீழக்கரை அண்ணன் சொன்னவற்றோடு புளூஸ் பக்கத்தை நான் சேர்க்கிறேன். கர்நாடக இசை பயிலும் எனக்கு அந்த இசையின் கணக்குப் புரிந்த பிறகுதான் அது திறந்தது. உங்கள் நண்பர்களுக்கும் இது உதவக்கூடும்.

வழக்கமான புளூஸ் பாட்டின் ஒரு சுற்றில் பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு அட்சரங்கள், அதாவது தாள எண்ணிக்கைகள், ஆக 48. எட்டு அட்சர ஆதி தாளத்தில் கைபோட்டால் சரியாக ஆறு ஆவர்த்தனங்களில் ஒரு சுற்று முடியும். முதல் வரிக்கு இரண்டு ஆவர்த்தனம், அதே வரியை மறுபடி சொல்வதற்கு இரண்டு, அதற்கு விடைபோல வரும் மூன்றாம் வரிக்கு இரண்டு. ஒவ்வொரு வரியிலும் குரல் ஏறக்குறையப் பாதியில் நின்றுவிட, மீதி இடத்தில் கருவி பதில் சொல்லும். சொல் தெரியாதவரும் கைபோட்டுக்கொண்டே கேட்டால், பாட்டு எப்போது திரும்பி வீட்டுக்கு வருகிறது என்பதை இரண்டு மூன்று சுற்றுகளில் உணர்ந்துவிடலாம். நடையை மட்டும் அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரமாகத் தேடாதீர்கள். பெரும்பாலான பாட்டுகளில் அது மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தின் பக்கம் சாய்ந்து ஆடும். காந்தாரம் சாதாரண நிலைக்கும் அந்தர நிலைக்கும் இடையேயும், நிஷாதம் கைசிகி நிலைக்கும் காகலி நிலைக்கும் இடையேயும் வழுக்கி அசைவதையும் கவனியுங்கள். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு அந்த அசைவு பிழையாகத் தோன்றாது என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இதை முழுமையாகக் காட்டுவது மடி வாட்டர்ஸ் 1964இல் வெளியிட்ட 'ஃபோக் சிங்கர்'. மின்கிதாரால் சிகாகோ நகரையே அதிரவைத்தவர் இதில் மின்னிணைப்பில்லாத கிதாரோடு அமர்ந்து பாடுகிறார். இரண்டாவது கிதாரை வாசிப்பவர் அப்போது இளைஞராக இருந்த 'படி கை' என்ற கலைஞர், பேஸ் வாசிப்பவர் வில்லி டிக்சன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டுமல்ல, வரிக்கும் வரிக்கும் நடுவிலும் அமைதி இருக்கிறது. அந்த அமைதியில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

அடுத்து மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் சில இசைத்தட்டுகள் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை செய்தவர். தன் ஊரான அவலானைப் பற்றி அவர் பாடியிருந்த ஒரு பாட்டைத் துப்பாகக் கொண்டு 1963இல் இசை ஆர்வலர்கள் அங்கே போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். 1966இல் வெளியான 'டுடே' என்ற தொகுப்பில் கட்டைவிரல் பேஸ் தந்தியில் விடாமல் நடக்க, மற்ற விரல்கள் பாட்டை மீட்டும். ஒரே ஆள் இருவராக ஒலிப்பார். முதுமையின் கனிவு நிறைந்த அந்தக் குரலில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. என் பாட்டிக்கு மிகவும் பிடித்த அயல்நாட்டுப் பாடகர் இவர்தான்.

பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். உடன் வாசிப்பவர்கள் இருவரே: டிரம்பெட்டைப் போன்ற கார்னெட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங், ஆர்மோனியத்தில் ஃபிரெட் லாங்ஷா. ஆம், நம் நாடக மேடைகளில் ஒலித்த அதே வகைக் காற்றுப்பெட்டிதான். மின் ஒலிவாங்கி பதிவுக்கூடங்களுக்கு வருவதற்குச் சிறிது காலம் முன்பு, பெரிய கூம்பின் முன்னால் நின்று குரலின் வலுவை மட்டுமே நம்பிப் பாடியது. இரைச்சல் இருக்கும், இரண்டு முறை கேட்டால் காது அதை ஒதுக்கிவிடும். புளூஸை நம் ஊர் ஒப்பாரி என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சிமடம் முதியவர் எழுதியது:

மகளே, கணக்கை அழகாக விளக்கினாய். கடைசி வாக்கியத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பாரி ஒருவரை இழந்த வீட்டில் பெண்கள் பாடுவது. புளூஸிலும் துயரம் உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவில் ஆடுவதற்கும், காதலித்தவரைக் கேலி செய்வதற்கும், வேலைக் களைப்பைப் பேசுவதற்கும் அதையே பாடினார்கள். உறவு தேட வேண்டுமென்றால் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் ஏற்றுச் சொல்லும் அம்பாப் பாட்டின் பக்கம் தேடுங்கள். அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளிலும் இருப்புப்பாதை வேலையிலும் கறுப்பின மக்கள் அவ்வாறு பாடிய அழைப்பும் மறுமொழியும்தான், பின்னால் குரலும் கிதாருமாகப் பிரிந்து நின்றன. உங்கள் நண்பர்கள் இருவரும் இதை நம் எல்லோரையும்விட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் இந்த இசையைச் சிற்றலை வானொலியில் கேட்டு வளர்ந்தவன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் பல பத்தாண்டுகள் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பெயர்களை எல்லாம் நான் அவர் வாயிலிருந்தே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த நோட்டில் அதிகம் எழுதப்பட்ட பெயர் பில்லி ஹாலிடே. டெடி வில்சன் பியானோ வாசித்துத் தலைமை தாங்கிய சிறு குழுக்களோடு 1935 முதல் அவர் பாடிய பாட்டுகளின் திரட்டுகள் கிடைக்கின்றன. 1937 முதல் அவற்றில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் சேர்கிறது. பழைய தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். அதற்குள் பில்லி பாடும் வரியின் ஓரத்திலேயே லெஸ்டர் வேறொரு மெட்டைப் பின்னிக்கொண்டு போவார். பில்லி தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லை வைப்பார்; விழப்போகிறார் என்று நாம் நினைக்கும் கணத்தில் வந்து சேர்ந்திருப்பார்.

ஒரு காட்சிப்பதிவையும் பாருங்கள். 1957 டிசம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்த 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியில், பில்லி தானே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற பன்னிரண்டு பகுதி புளூஸைப் பாடுகிறார். உடல் நலிந்திருந்த லெஸ்டர் எழுந்து ஒரே ஒரு சுற்று மட்டும் வாசிக்கிறார், அதிலும் மிகக் குறைந்த சுரங்கள். அதைக் கேட்கும் பில்லியின் முகத்தைப் பாருங்கள். 1959 மார்ச்சில் லெஸ்டரும் ஜூலையில் பில்லியும் இறந்துபோனார்கள். ஐம்பது முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன், இன்றும் என்னால் பேச முடிவதில்லை. அந்தக் குழு சற்றுப் பெரியதுதான். இருந்தாலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு நிற்பதால் உங்கள் தேவைக்குப் பொருந்தும்.

மண்டபம் ஆசிரியர் எழுதியது:

ஐயா, சகோதரரே, தங்கையே, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு 'ஆஃப்டர் அவர்ஸ்' கேட்டோம். முதல் பாட்டிலேயே அனைவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு குறை: எங்களிடம் உள்ள சிறிய புளூடூத் ஒலிபெருக்கியில் டபுள் பேஸ் சரியாகக் கேட்கவில்லை. இதற்கு வழி உண்டா? மேலும், பாட்டே இல்லாத தொகுப்பு ஒன்றையும் ஒரு ஞாயிற்றுக்கு வைக்கலாமா?

கீழக்கரை வாசகர் எழுதியது:

ஒலிபெருக்கியை மாடியின் நடுவில் வைக்காதீர்கள். இரண்டு கைப்பிடிச் சுவர்கள் சேரும் மூலையில், தரையிலேயே வையுங்கள். சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பேஸ் கூடிக் கேட்கும். சுவர் காற்றையும் மறைக்கும். கேட்டு முடித்ததும் துணியில் சுற்றி உள்ளே எடுத்துவிடுங்கள், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

பாட்டில்லாத தொகுப்பு கட்டாயம் வேண்டும். பில் எவான்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற சிறு நிலவறை அரங்கில் வாசித்ததிலிருந்து உருவான 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. பியானோ, பேஸ், டிரம்ஸ். பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ அடியில் தாளம் பிடிப்பதோடு நிற்காமல் பியானோவுக்குச் சமமாக உரையாடுகிறார். வந்திருப்பவர்களின் பேச்சும் கண்ணாடிக் குவளைகள் உரசும் ஓசையும் பின்னணியில் கேட்கின்றன. உங்கள் அலையோசை அவற்றோடு சேர்ந்துகொள்ளட்டும். பதினோரு நாட்கள் கழித்து, 25 வயதில், லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். இதைக் கேட்டு முடித்த பிறகே நண்பர்களுக்குச் சொல்லுங்கள், முன்னால் சொன்னால் துயரத்தைத் தேடிக்கொண்டே கேட்பார்கள்.

இராமநாதபுரம் வயலின் மாணவி எழுதியது:

தாத்தா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். அம்பாப் பாட்டோடு ஒப்பிட்டு மடி வாட்டர்ஸை மறுபடி கேட்டேன், கிதார் மறுமொழி சொல்லும் இடங்கள் இப்போது வேறு விதமாக ஒலிக்கின்றன.

அண்ணா, மூன்றாம் ஞாயிற்றில் இடமிருந்தால் அமெரிக்கர் ரை கூடரும் நம் நாட்டு மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' (நதிக்கரைச் சந்திப்பு) என்ற 1993ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேருங்கள். இருவருமே தந்தியின் மேல் உருளையை வழுக்கி வாசிப்பவர்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் அன்னியமாகத் தோன்றாது. தபலாவும் ஒரு கைமுரசும் மட்டுமே துணை.

மண்டபம் ஆசிரியர் எழுதியது:

அப்படியே செய்கிறோம். அடுத்த ஞாயிறு மடி வாட்டர்ஸும் ஜான் ஹர்ட்டும், அதற்கடுத்து நதிக்கரைச் சந்திப்பும் பில்லி ஹாலிடேயும், நான்காவது கோல்ட்ரேனும் ஹார்ட்மனும், தடை முடிவதற்கு முந்தைய இரவில் பில் எவான்ஸ். 'கைண்ட் ஆஃப் புளூ' இம்முறை இடம்பெறவில்லை. அதை அடுத்த ஆண்டுத் தடைக்காலத்துக்கு எடுத்து வைத்திருக்கிறோம். தங்கச்சிமடம் ஐயா இசைந்தால், பில்லி ஹாலிடே கேட்கும் இரவில் அவரை அழைத்துவர என் நண்பர் ஆட்டோவோடு வருவார். அந்த நோட்டையும் கொண்டுவரும்படி வேண்டிக்கொள்கிறேன்.