23-வது வரிசையில் விட்ட கண்ணி

(குழு: சிம்மக்கல் வீடு)

ராஜம் பெரியம்மா: தேன்மொழிக்கு வளைகாப்புக்கு இன்னும் 10 நாள்தான். கண்ணாடி வளையல் யார் வாங்குவது? யாரும் வாய் திறக்கவில்லை

கார்த்தி: புதுமண்டபத்தில் வாங்கலாம் பெரியம்மா

மீனாக்கா: அந்தக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன கார்த்தி. எந்த உலகத்தில் இருக்கிறாய்

செல்வி அத்தை: பாப்பாவுக்குக் குரோஷா ஊசியில் பின்னுகிற போர்வை கோணிவிட்டது. படம் போடுகிறேன்

செல்வி அத்தை: 📷

கணேசன் சித்தப்பா: என்னக்கா, முறம் மாதிரி இருக்கிறது

தேன்மொழி: அய்யோ அத்தை

செல்வி அத்தை: முறம்தான் தம்பி. அடியில் 120 கண்ணி, மேலே எண்ணினால் 109. 22-வது வரிசை வரை ஒழுங்கு. 23-லிருந்து 33 வரை வரிசைக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. திருப்பும்போது மூன்று சங்கிலி போட்டு ஏறுவோம் இல்லையா, அதுவே ஒரு கண்ணிக்குச் சமம். அடுத்த வரிசை முடியும்போது அந்தச் சங்கிலியின் தலையில் ஊசியை விட்டுக் கடைசிக் கண்ணியைப் போட வேண்டும். அது ஓரத்தில் மடங்கி ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு ராத்திரி கரண்ட் போய், மொபைல் வெளிச்சத்தில் போட்டேன். அதை விட்டுவிட்டேன். மறுநாளும் எண்ணவில்லை, அதற்கு மறுநாளும் எண்ணவில்லை. கை பழகிவிட்டது என்று நம்பினேன்

மீனாக்கா: ஓரத்துக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டி வையுங்கள் என்று சொன்னேனே அத்தை

செல்வி அத்தை: சொன்னாய். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் முதல் தடவையும் பிரித்தேன். அவர்கள் டபுள் என்று சொல்கிற கண்ணி எங்கள் தையல் டீச்சர் சொல்லித்தந்த ட்ரெபிள். அமெரிக்காவில் ஒரு பேர், இங்கிலாந்தில் ஒரு பேர். நாங்கள் படித்தது இங்கிலாந்துக்காரர்கள் பேர்

மீனாக்கா: அது எனக்குத் தெரியாது அத்தை 😔

கார்த்தி: மேலே 11 கண்ணி சேர்த்துவிட்டால் சரியாகாதா?

செல்வி அத்தை: முறம் போய் உடுக்கை வரும். இடுப்பு ஒடுங்கிவிடும்

கணேசன் சித்தப்பா: அக்கா, விளக்குத்தூண் பக்கம் 300 ரூபாய்க்குக் கிடைக்கும். எதற்கு இந்தக் கஷ்டம், கண்ணும் கெட்டுப்போகும்

செல்வி அத்தை: அது மெஷின் பின்னல். ஸ்வெட்டர் பின்னுவதற்கு மெஷின் உண்டு. குரோஷாவுக்குக் கைதான். எந்தக் கடையில் தொங்கினாலும் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக இழுத்ததுதான். ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் எத்தனையோ பெண்கள் இதையே பிழைப்பாகச் செய்கிறார்கள். அவர்கள் கஷ்டத்துக்கு 300 ரூபாயா? தேன்மொழி பிள்ளைக்கு நான் போட்டதுதான் வேண்டும்

கணேசன் சித்தப்பா: சரி சரி. டிவி கவர் போட்ட கை அல்லவா

செல்வி அத்தை: டிவி கவரைப் பற்றி நீ பேசாதே. 1996-ல் ஏழு மாதம் போட்டேன். அப்பா ஹார்வி மில்லில் இருந்து ரிட்டயர் ஆன வருஷம். சாலிடேர் டிவியை விற்கும்போது கவரோடு தூக்கிக் கொடுத்தாய்

கணேசன் சித்தப்பா: மூடியிருந்தது, அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் திருமங்கலம் வரை சைக்கிளில் போய்க் கேட்டேன் அக்கா. தர மாட்டேன் என்றுவிட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை

செல்வி அத்தை: போனாயா?

கணேசன் சித்தப்பா: போனேன்

ராஜம் பெரியம்மா: வருஷம் 97. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது

ராஜம் பெரியம்மா: செல்வி, பிள்ளை பிறக்கும் முன்னால் சாமான் சேர்க்கக் கூடாது. மாமியார் இருந்தால் விட்டிருப்பார்களா? வளைகாப்பு அன்றைக்குக் கொண்டுவராதே

தேன்மொழி: பெரியம்மா, எனக்கு வேண்டும்

ராஜம் பெரியம்மா: வேண்டாம் என்றா சொன்னேன். பிறந்தபிறகு தொட்டிலில் போடுகிற அன்றைக்குக் கொடுக்கட்டும்

செல்வி அத்தை: மதினி சொல்வதும் சரிதான். வரிசைக்கு 25 நிமிஷம் ஆகிறது. 11 வரிசையைத் திரும்பப் போட நாலரை மணி நேரத்துக்கு மேல். இரண்டு மாதம் இருந்தால் ஓரத்துக் கரையும் போட்டுவிடுவேன்

மீனாக்கா: ஓட்டை பெரிதாக இருக்கிறதா அத்தை? குழந்தை விரல் மாட்டிக்கொள்ளும்

செல்வி அத்தை: அதற்காகத்தான் பூப்பின்னல் போடவில்லை. நெருக்கிப் போட்டிருக்கிறேன். பருத்தி நூல். சித்திரை வெயிலில் அக்ரிலிக் போட்டால் பிள்ளை வெந்துபோகும். கார்த்தி, அதே பச்சையில் இன்னும் ஒரு பந்து வேண்டும். லேபிளில் லாட் நம்பர் பார்த்து வாங்கு. நம்பர் மாறினால் சாயம் ஒரு இழை வித்தியாசப்படும். வெயிலில் வைத்தால் அது மட்டும் தனியாகத் தெரியும்

கார்த்தி: நம்பர் அனுப்புங்கள் அத்தை. சனிக்கிழமை போகிறேன்

கணேசன் சித்தப்பா: சாப்பாடு ஐந்து வகை சோறா, ஏழா?

ராஜம் பெரியம்மா: ஏழு

மீனாக்கா: ஐந்து போதும் அம்மா, யார் சமைப்பது

தேன்மொழி: புளிச்சோறு கட்டாயம்

செல்வி அத்தை: 30-வது வரிசை வரை பிரித்துவிட்டேன். நூல் சுருள் சுருளாக நிற்கிறது. நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைத்தால்தான் நேராகும். இதோடு போட்டால் கண்ணி ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி என்று வரும். இன்றைக்கு வேண்டாம்

கணேசன் சித்தப்பா: அக்கா, நாளைக்கு வந்து நூலைச் சுற்றித் தருகிறேன்

செல்வி அத்தை: பகலில் வா தம்பி. 22-வது வரிசையில் நீயும் ஒரு தடவை எண்ணு. 120 இருக்க வேண்டும்

ராஜம் பெரியம்மா: வளையல் யார் வாங்குவது என்று கேட்டேன்